ஜீப்புக்காக மூடிய பள்ளம்

அந்த ரோட்டில் பள்ளம் வெட்டியது எங்கள் ஊர்க்காரர்கள். வெட்டும்படி வைத்தது ரோடு போட்டவர்கள். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பரளச்சிக்குப் போகும் தார் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு மூன்று மைல். முன்பு அது வெறும் வண்டிப்பாதை. நடுவில் ஓர் ஓடை குறுக்கே போகும். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் பாதைமேல் ஏறி ஓடி எங்கள் கண்மாயில் விழும். அன்றைக்கு வண்டி நிற்கும், மறுநாள் போகும். யாருக்கும் நஷ்டமில்லை. அறுபதுகளின் நடுவில் பஞ்சாயத்து யூனியனிலிருந்து வந்து அதைச் சரள் ரோடாக்கினார்கள். இடுப்பு உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். ஓடை வருகிற இடத்தில் ஒரு குழாயாவது போடுங்கள் என்று ஊரே கேட்டது. எஸ்டிமேட்டில் குழாய் இல்லை என்றார் ஓவர்சியர். எஸ்டிமேட் போட்ட ஆள் ஓடையைப் பார்த்திருந்தால்தானே குழாய் இருக்கும்.

முதல் மழையிலேயே ரோடு அணை மாதிரி நின்றுவிட்டது. வடக்கே புஞ்சையில் தண்ணீர் தேங்கிப் பருத்திச் செடி அழுகியது. தெற்கே கண்மாய் காய்ந்து கிடந்தது. எங்கள் பக்கம் வருஷத்துக்கு நாலு மழை உருப்படியாகப் பெய்தால் அதிகம். அதையும் ரோடு மறித்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அன்றிலிருந்து மழை இறங்கியதும் மம்பட்டியோடு போய் ரோட்டை வெட்டிவிடுவோம். வெட்டிய இடத்தில் ஒரு கருவேல முள்ளை வெட்டிப் போடுவது வழக்கம். தண்ணீர் வடிந்ததும் அரைகுறையாக மூடுவார்கள். வண்டிக்காரர்கள் பார்த்து இறக்கி ஏற்றிக்கொள்வோம்.

எனக்கு ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. ஊர்க் கடைகளுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து சரக்கு ஏற்றி வருவதுதான் பிழைப்பு. ஒரு ஐப்பசியில் விடியும்போது நான் புறப்பட்டுப் போகையில் ரோடு முழுசாக இருந்தது. டவுனில் இருந்தபோது நல்ல மழை. பிண்ணாக்கும் உப்பும் ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினேன். ஓடைப் பக்கம் ரோட்டின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முள் ஏதும் கண்ணில் படவில்லை. ரோட்டை வெட்டியவர்கள் போட்ட முள்ளைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. மாட்டைத் தட்டினேன். இடது பக்கத்து மயிலை மாடு முன்னங்காலை வைத்ததும் அப்படியே உள்ளே போனது. வண்டி முன்னால் குத்தி நின்றது. நுகத்தடியோடு சேர்ந்து மாடு விழுந்தபோது கேட்ட சத்தம் மரம் முறிந்ததா எலும்பு முறிந்ததா என்று எனக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை. எலும்புதான்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பார்த்தோம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பத்துப் பதினைந்து நாளில் அதைக் கறிக்காரரிடம் தள்ளிவிட வேண்டியதாயிற்று. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரட்டை மாட்டு வண்டி ஓட்ட முடியாது. இன்னொரு மாடு வாங்க வழியில்லை. வண்டி வீட்டு வாசலில் நுகத்தை ஊன்றிக்கொண்டு நின்றது.

அதற்கு முந்தின வருஷம் பாளையம்பட்டியில் பஸ்ஸில் அடிபட்டு ஒரு ஆடு செத்தது. பஸ் முதலாளி ஆட்டுக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்தார். பஸ்ஸுக்கு ஒரு முதலாளி இருந்தால் ரோட்டுக்கும் ஒரு முதலாளி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மனு எழுதுகிறவரிடம் போய், குழாய் வைக்காமல் ரோடு போட்டதால் உண்டான பள்ளத்தில் என் மாடு கால் ஒடிந்தது, அதற்கு நஷ்டஈடு வேண்டும் என்று எழுதச் சொன்னேன். யார் வெட்டினார்கள் என்று எழுதச் சொல்லவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மாதிரி மனு அவர் எழுதியதே இல்லையாம்.

யூனியன் ஆபீசில் அது ஹைவேஸ் ரோடு என்றார்கள். ஹைவேஸ் ஆபீசில் மண் ரோடெல்லாம் யூனியனுடையது என்றார்கள். திரும்ப யூனியனுக்கே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். வருகிற போகிற கிளார்க்குகள், மாட்டுக்காரன் வந்துட்டான்யா என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். எப்படியோ தை மாதத்தில் யூனியன் கமிஷனரே நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பள்ளம் அப்போதும் இருந்தது. முழங்கால் ஆழம். அதைப் பார்த்தால் போதும், குழாய் இல்லாததும் தானே தெரியும் என்று நம்பினேன்.

அன்று காலையில் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் தார் ரோட்டுக்கு நடந்தேன். வழிகாட்ட ஆள் வேண்டுமே என்று அங்கேயே காத்திருந்தேன். ஜீப் வந்தது. ஓவர்சியர் முன் சீட்டில் கமிஷனர் பக்கத்தில் இருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். ஓடைப் பக்கம் வந்ததும் நான் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். ஜீப் குலுங்காமல் தாண்டிப் போய்விட்டது.

பள்ளம் இல்லை. நான் தார் ரோட்டில் நின்ற நேரத்துக்குள் மண் கொட்டி, மிதித்து, தண்ணீர் தெளித்து, வழுவழுவென்று ஆக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஜீப் வருகிறது என்றால் ரோட்டைச் சரி செய்துவிடுவார்கள். மந்திரி வந்தாலும் அப்படித்தான், மாட்டு ஊசி போடுகிறவர் வந்தாலும் அப்படித்தான். அதோடு பக்கத்து ஊரில் ரோட்டை வெட்டிய கேசில் நாலு பேரைப் போலீஸ் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்த பயமும் இருந்தது. பஞ்சாயத்து பிரசிடெண்டு மாலையோடு நின்றார். ஊர் ஆண்கள் பாதிப் பேர் அவருக்குப் பின்னால். என் மனைவியின் தம்பியும் நின்றான். முழங்கால் வரைக்கும் சேறு.

இறங்கி நின்று கமிஷனர் கேட்டார்.

"எங்கய்யா பள்ளம்?"

"இந்த இடந்தாங்க. காலையில நான் தாண்டித்தான் வந்தேன்."

பிரசிடெண்டு மாலையைப் போட்டுவிட்டு, ரோடு போட்ட நாளிலிருந்து இதில் ஒரு குழி விழுந்ததில்லை, யூனியனுக்கு ஊர் நன்றி சொல்கிறது என்றார். ஓவர்சியருக்கு வாயெல்லாம் பல். மாட்டுக்குத்தான் கண்ணு தெரியலைன்னு நெனச்சேன் என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது. என் ஊர்க்கூட்டம்.

மச்சினனைப் பார்த்தேன்.

"ஏலே, நீ சொல்லு. உன் காலைப் பாரு."

"எனக்கென்ன மச்சான் தெரியும்? நான் காட்டுல இருந்து இப்பத்தான வாரேன்."

அவன் கையில் மம்பட்டி இருந்தது. பிடுங்கினேன். மிதித்த மண்ணில் ஈரம் காயவில்லை, வெட்ட வெட்டப் பொலபொலவென்று வந்தது. கமிஷனர் முதலில் தடுக்கவில்லை. பைத்தியக்காரன் வேடிக்கை என்று நினைத்திருப்பார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெட்டினேன். பழைய தரை தெரிகிற மட்டும் வெட்டி, இறங்கி நின்று, குழாய் எங்கே காட்டுங்கள் என்று கேட்டேன்.

கமிஷனர் குனிந்து பார்த்தார். புதுமண் அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். முகத்தில் ஒரு யோசனை ஓடியது. பிறகு ஜீப்பைப் பார்த்தார். அது ஊர்ப் பக்கம் நின்றது. நடுவில் நான் வெட்டிய பள்ளம். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"இங்க பள்ளம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இப்ப நீ வெட்டுனதை என் கண்ணால பார்த்தேன்."

ஜீப் போவதற்காக ஊர்க்காரர்கள் மறுபடியும் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

ரோடு நல்ல நிலையில் இருக்கிறது, மனு தள்ளுபடி என்று பதில் வந்தது. அதற்கு முன்னாலேயே போலீஸ் வந்துவிட்டது. பொதுச் சாலையை வெட்டிய குற்றம். அருப்புக்கோட்டைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கூட யாரும் வெட்டினார்களா, முன்னால் யாரும் வெட்டியிருக்கிறார்களா என்று கேட்டார்கள். நான் மட்டுந்தான் என்றேன். அவர்களைக் காப்பாற்றுகிற ஆசை எனக்கு இல்லை. அத்தனை பேர் மேலேயும் கேசு விழுந்தால் அடுத்த ஐப்பசிக்கு ஒருத்தனும் மம்பட்டி எடுக்க மாட்டான். கண்மாய்க்குத் தண்ணீர் வராது. அந்தக் கண்மாய்த் தண்ணீரைத்தான் என் பிள்ளைகளும் குடித்தார்கள். அபராதம் போட்டார்கள். கடன் வாங்கிக் கட்டினேன்.

நாலைந்து நாள் கழித்துப் பிரசிடெண்டும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். மச்சினன் வாசலிலேயே நின்றுகொண்டான். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் பிரித்து அபராதப் பணத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். நீ ஊர் பேரைச் சொல்லாம விட்டது பெரிய காரியம் என்றார் பிரசிடெண்டு.

"அபராதத்தை நான் கட்டியாச்சு. மாட்டுக்குக் குடுங்க" என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு ரொம்ப நியாயமான ஆள் மாதிரிச் சொன்னார்:

"அது நாம எப்படிக் குடுக்க? குழாய் வைக்காம ரோடு போட்டது கவர்மெண்டு. மாட்டுக்கு அவுகள்ல குடுக்கணும்."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இதை அன்னைக்கு ஜீப்புக்கு முன்னால சொல்ல வாயில என்ன வச்சிருந்தீக?"

பணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதை அவர்கள் முகத்தில் விட்டெறிந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். எறியவில்லை. எடுத்துக் கடனை அடைத்தேன். மிச்சமிருந்த மாட்டுக்கு ஜோடி கிடைக்கும் என்று ஒரு வருஷம் தீனி போட்டுப் பார்த்தேன். அடுத்த வருஷம் மழையும் பொய்த்தது. பங்குனிச் சந்தையில் அதையும் விற்றுவிட்டு, வண்டியைச் சக்கரம் தனியாகச் சட்டம் தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். அதன்பிறகு அருப்புக்கோட்டையில் பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனேன். ரிட்டயர் ஆகிற வேலையில்லை அது. முதுகு போகிற வரைக்கும் தூக்கினேன்.