ஒரு பெண் கையெழுத்து

நாற்பத்து நாலு வயசு, பாதித் தலை நரை. இன்னமும் அவளுக்கு "ஜூனியர்" என்றுதான் பேர். அந்த வக்கீல் ஆபீசுக்கு அவளுக்குப் பின்னால் வந்த பயல்களெல்லாம் தனி அறை, தனிப் பலகை என்று போய்விட்டார்கள். இவள் ஜெராக்ஸ் மிஷினை ஒட்டிய மேஜையில் மனு எழுதுவாள். சீனியர் அதைக் கோர்ட்டில் சொந்தச் சரக்கு மாதிரி முழங்குவார். பெரிய மனுஷன் அல்லவா!

அந்தப் பெரிய மனுஷனின் கூட்டாளி, வக்கீல் சங்கப் பொருளாளர், அதே ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண்ணின் இடுப்பில் கை வைத்தார். அவள் புகார் எழுதிவிட்டாள். விசாரிக்க மூன்று பேர் குழு, சீனியர்தான் தலைவர். குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும், அவள் கையெழுத்தில்லாமல் அறிக்கை செல்லாது என்று விதி. மேதாவிகள் கூடி யோசித்தார்கள். "நம்ம ஜூனியரைப் போடுங்க. அது வாயைத் திறக்காது." 'அது'வாம்!

விசாரணை வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே டைப்பிஸ்ட் சில தாள்களோடு ஜூனியரிடம் வந்தாள். "அக்கா, இதை டைப் அடிக்கச் சொல்லி குமாஸ்தா குடுத்தாரு."

சீனியர் கைப்பட எழுதிய நாலு பக்கம். 'இரு தரப்பையும் விரிவாக விசாரித்தோம். புகார் பொய். புகார்தாரரை வேலைநீக்கம் செய்யலாம்.' எல்லாத் தாளும் வழக்கமாக டைப்பிஸ்டிடம்தான் போகும். யார் அடிக்கிறார்கள் என்று எந்த மகராசன் பார்த்தான்?

"என் வேலை போயிடுமா அக்கா?"

ஜூனியர் அந்தத் தாள்களை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் சொன்னால் கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கெதுக்கு வம்பு? போட்டுட்டு வா."

வெள்ளிக்கிழமை டைப்பிஸ்டிடம் பேரையும் ஊரையும் கேட்டதோடு விசாரணை முடிந்ததாம். "அறிக்கை எங்கம்மா?" என்றார் சீனியர்.

ஜூனியர் அந்த நாலு பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "புதன்கிழமையே எழுதிட்டீங்களே சார்."

அவர் கத்தினார். "இதை இந்த டைப்பிஸ்ட்கிட்ட குடுத்த மடையன் யாரு?" எழுதியதற்கு வெட்கமில்லை, மாட்டிக்கொண்டதற்குத்தான் கோபம். தூ!

"கையெழுத்துப் போடு. நாளைக்கு என் ஆபீஸ்ல உனக்கு மேஜை வேணுமா, வேண்டாமா?"

"அதையும் அறிக்கையில எழுதிக்கறேன் சார்," என்று வெள்ளைத்தாளை எடுத்தாள். பிறகு டைப்பிஸ்டின் பக்கம் திரும்பினாள். "நீ உக்காரும்மா. அன்னைக்கு என்ன நடந்தது? முதல்லேர்ந்து சொல்லு."