ஒரு வாளுக்காக மூன்று முறை காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் போகிறவர்களில் பாதிப் பேர் பட்டுப்புடவை எடுக்கப் போகிறார்கள். மீதிப் பேர் அவர்களுக்குப் பை தூக்கப் போகிறார்கள். நான் போனது வாளுக்காக. எழுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். எனக்கு அப்போது முப்பத்திநாலு வயது. மெட்ராஸில் லாரி ஸ்பிரிங் பட்டை அடிக்கும் பட்டறையில் வேலை. படிப்பு எட்டாவது வரை. அதிலும் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன், பெஞ்சு அவ்வளவு வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உடைந்த பட்டைகளைக் காய்ச்சி, ராஜா காலத்து வாள்களைப் போலவே அடித்துப் பார்ப்பது என் கிறுக்கு. இதே கிறுக்கு பிடித்து நூலும் ஸ்கேலுமாகக் கிளம்பப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சந்தோஷமான கதை வேண்டும் என்றால் புடவைக் கடைக்கே போய்விடுங்கள்.

முதல் பயணம் காலை ஆறேகால் பஸ்ஸில். பாரிமுனையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய் இருபது பைசா. பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு ஜட்காவில் அறுபது பைசா. அங்கே நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் குதிரை வீரர்கள் பாய்ந்துகொண்டு நிற்பார்கள். வாளின் வளைவு, பிடி, உறை எல்லாம் கல்லிலேயே இருக்கும். ஒரு வீரனின் கைமேல் நூலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"இன்னாபா, சிலைக்கு சொக்கா தைக்கப் போறியா?"

"சிலைக்கு இல்லண்ணே, குதிரைக்கு."

மண்டபமே அதிரச் சிரித்தார். பெயர் ஏகாம்பரம். தாமலில் நிலம், காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லுல இருக்கற கத்திய அளந்துக்கினு நிக்கிறியே, எங்க வூட்ல இரும்புலயே இருக்குது. வந்து பாரு."

வீடு பிள்ளையார்பாளையத்தில். தெரு முழுக்கத் தறிச் சத்தம். கூடத்துச் சுவரில் வாள் தொங்கியது. பிடியோடு முப்பத்தைந்து அங்குலம். அலகு இரண்டு விரல் அகலம். பிடியின் அடியில் வெற்றிலை அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. அவருடைய முப்பாட்டன்களில் ஒருவர் தாமல் ஏரிக்கு இந்த வாளோடுதான் காவல் இருந்தாராம். நாயக்கர் காலத்து வாள் என்றார். எனக்கு வருஷக் கணக்கு தெரியாது, இரும்பு தெரியும். பழசுதான். அலகின் மேல் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குத் தடவிய எண்ணெயும் சந்தனமும் கறுத்து, மரப்பட்டை மாதிரி ஏறிக் கிடந்தது. பிடியில் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது.

இதேபோல் ஒன்று செய்ய வேண்டும், கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி தனலட்சுமி அண்ணி, "ஊரு பேரு தெரியாதவர்கிட்ட கத்தியக் குடுக்கறதா?" என்றார். ஏகாம்பரம் அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எடுத்துக்கினு போ தம்பி. ஆனா ஆயுத பூஜைக்கு வூட்டுக்கு வந்துடணும். எம் பொண்ணக் கேட்டு அன்னிக்கு வராங்கோ. அவங்க முன்னாடி இதுக்குத்தான் பூஜை. கைவுட்றாதே."

நாற்பது நாள் உழைத்தேன். நீளம், வளைவு, தட்டு எல்லாம் வந்தது. விரல் குழி மட்டும் வரவில்லை. அரம் வைத்தால் அரம் தெரிந்துவிடும். அதோடு நிறுத்தியிருந்தால் நான் யோக்கியன். புது வாளைப் புளித்தண்ணீரிலும் உப்பிலும் ஊறப்போட்டுக் கறுக்க வைத்தேன். நல்லெண்ணெயும் சந்தனமும் குழைத்துப் பூசிப் புகை காட்டினேன். பழைய வாளை மண்ணெண்ணெயில் நனைத்து, செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆயிற்று. இத்தனை நல்ல இரும்பை இப்படி அழுக்காக வைத்திருக்கிறாரே, பளபளவென்று பார்த்தால் மகிழ்வார் என்று நினைத்தேன். அவரைக் கொஞ்ச நேரம் முழிக்க வைக்கலாம் என்றும் நினைத்தேன்.

இரண்டாவது பயணம் ஆயுத பூஜையன்று, அதே ஆறேகால் பஸ். இரண்டு வாளையும் பாயில் சுருட்டியிருந்தேன். கண்டக்டர், "இன்னா அது?" என்றார்.

"தறிக்குப் பாவு சுத்தற கட்டைபா."

"ரெண்டா?"

"ஒண்ணு மாமியாருக்கு."

லக்கேஜ் இருபத்தைந்து பைசா போட்டார். காஞ்சிபுரம் பஸ்ஸில் தறிக்கட்டை என்றால் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

ஒன்பதே கால் மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் கூடத்தில் இருந்தார்கள். மணையில் இரண்டு வாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணே, உங்க கத்தி எது, என் கத்தி எது? சரியா சொன்னா உங்களுக்கு அல்வா. தப்பா சொன்னா நீங்க எனக்கு வாங்கித் தரணும்."

அவர் யோசிக்கவே இல்லை. கறுத்த வாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்தார். "இது தெரியாதா? எங்க தாத்தன் பூசுன சந்தனம் இன்னும் ஒட்டிக்கினு இருக்குது பாரு."

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பி, "மெட்ராஸ்காரரே, உங்க தகரத்த சுருட்டிக்குங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அல்வா எனக்குத்தான் என்ற சிரிப்பு. ஏகாம்பரம் அண்ணன் வாளைச் சாமி படத்தடியில் சாய்த்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிக் கற்பூரம் ஏற்றினார். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து வாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மாப்பிள்ளை. கற்பூரம் ஏற்றுவதற்கு முன் அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷமும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வாய் திறக்க முடியவில்லை; அவர்களுடைய வாளையே பாயில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது பயணம் எட்டு நாள் கழித்து. அண்ணன் மண்டியிலிருந்து சாப்பிட வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, பளபளத்த வாளை நீட்டினேன். பிடியைப் பிடித்தார். கட்டைவிரல் தானாகப் போய்க் குழியில் உட்கார்ந்தது. முகம் வெளுத்தது. பிறகு வாளைத் தரையில் வைத்தார்.

"எங்கத்தி செவுத்துல மாட்டிக்கினு இருக்குது. இது உன்னுது."

"அண்ணே, உங்களுக்கே தெரியுது…"

"பூஜை பண்ணது அது. சம்பந்திங்க கண்ல ஒத்திக்கினது அது. நீங்க கும்புட்டது லாரிப் பட்டைன்னு இப்ப நான் போயி சொல்லணுமா? பரிசம் போட்டாச்சு. உனக்கு வெளையாட்டு. எனக்கு பொண்ணு வாழ்க்கை."

"யாருக்கும் தெரியாம மாத்தி மாட்டிடலாம் அண்ணே."

"சந்தனமெல்லாம் சொரண்டிட்டு இப்டி மினுமினுன்னு ஆக்கிட்டியே, எப்டிடா மாட்டுவேன்? குங்குமம் வெச்சத கழட்டி வேற கத்திய மாட்ட எனக்குக் கை வராது. போ. இனிமே இந்த வூட்டுப்படி ஏறாத."

தம்பி என்று சொல்லவில்லை. வாசலில் அண்ணி நின்றிருந்தார். "பூஜை முடிஞ்சி மாட்டும்போதே தெரியும்பா. நம்ம கத்தி இவ்ளோ கனம் இல்ல," என்றார். "அவர்கிட்ட இன்னும் சொல்லல. நீயும் நான் சொன்னேன்னு சொல்லாத."

திரும்பும் பஸ்ஸில் லக்கேஜ் போட்ட கண்டக்டரிடம் கேலி பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மண்டபத்துக்குக் காலையிலேயே போங்கள்; சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்லில் வாளின் விளிம்பு தெரியும். பகலில் நடை சாத்திவிடுவார்கள். நூலால் அளக்கலாம், சிலைமேல் சாயாதீர்கள். யாராவது வீட்டு வாளைக் காட்டினால் அங்கேயே உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், வெளியே எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போனால் தேய்க்காதீர்கள். உங்களுக்கு அது துரு, அவர்களுக்கு அதுதான் வாள். நீங்கள் அடிக்கும் வாளில் உங்கள் பெயரை உளி வைத்து வெட்டுங்கள், பிடிக்குள் மறைகிற இடத்தில் அல்ல, அலகிலேயே. என் மாதிரி கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. இன்று என்னிடம் இருபத்தாறு வாள் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து என்னோடு திரும்பி வந்த அந்த ஒன்றைத்தான் கையில் எடுத்து, "இதுதான் உங்க கை வேலையிலேயே உசத்தி" என்கிறார்கள். யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம் என்று எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். ஐம்பது வருஷமாக யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அந்த வீட்டில் வாள் தொலையவே இல்லையே.