பேகம்பூரில் தூக்கிய கை

திண்டுக்கல் பேகம்பூரில், பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் வெயிலுக்கு ஒரு பந்தலுக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே வார்டு கூட்டம் நடக்கிறது. அடுத்த பட்ஜெட்டில் முதலில் எதைக் கேட்கலாம், தெரு முகப்பில் அலங்கார வளைவா, சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறையா என்று கவுன்சிலரம்மா கேட்கிறார்.

என் பக்கத்தில் ஒரு பூக்கார அக்கா. "விடியக்காலம் சந்தைக்கு வந்தா, வீடு திரும்புற வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல" என்கிறார். கழிப்பறை வேண்டுமென்பவர்களைக் கை தூக்கச் சொன்னதும், என் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குகிறார்.

"நான் வெளியூரு, அக்கா."

"வெளியூர்க்காரவுகளுக்கு அவசரமே வராதாக்கும்?"

பந்தலே சிரிக்கிறது. கவுன்சிலரம்மா கைகளை எண்ணி முடிக்கிறார்.

"விருந்தாளி கைய விட்டுட்டாலும் கழிப்பறைதாம்மா ஜெயிச்சிருக்கு."

எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். அக்கா மட்டும் என் கையை விடவில்லை.