கணிப்பொறியில் போட்ட ஊறல்

அரக்கோணத்தில் வேலை முடித்து மாலை ரயிலில் வரும் என் தங்கை கணவர், திருத்தணியில் இறங்கி எங்கள் இரண்டு வீடும் இருக்கும் தெருவுக்கு வர மதுக்கடையைத் தாண்டியாக வேண்டும். பல வருடங்களாக அவர் அதைத் தாண்டியதில்லை. உள்ளே போய்விடுவார், பிறகு யாராவது கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இந்த வருடம் தை பிறந்ததும், கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் ஓர் அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் செய்வது அது. மஞ்சள் தடவிய கயிற்றை மணிக்கட்டில் கட்டும்போது, எதுவரைக்கும் என்று பூசாரி கேட்பார். சிலர் ஒரு வருடம் என்பார்கள். சிலர், மச்சினி கல்யாணம் வரைக்கும் என்று நாசூக்காகச் சொல்வார்கள். இவர், "கெடு எல்லாம் வேணாம், கட்டு சாமி" என்றார்.

என் தங்கை அங்கேயே அழுதாள். இந்தக் கயிற்றையும் மீறிக் குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு மணவூரில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக முன்பே சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள்.

குடிப்பவரிடமிருந்து குடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மாலை நேரம். அதை நிரப்பும் பொறுப்பை, நாலு எழுத்து படித்தவன் என்பதால், நான் ஏற்றுக்கொண்டேன். முதலில் ஒரு நாவலைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு, "பாவா, இத்த படிச்சா குடிக்கணும் போல இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பாவா என்றால் மச்சான். அப்போதுதான் பெங்களூரு போன என் மகன் விட்டுவிட்டுப் போன கணிப்பொறியும் அதில் இருந்த விளையாட்டும் நினைவுக்கு வந்தன. பக்கத்திலேயே என் மடிக்கணினியை வைத்துக்கொண்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்.

ஆள் இல்லாத காடு. மரம் வெட்டி, கல் உடைத்து, குடிசை போட்டு, சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நான் கரடியிடம் செத்தேன், பட்டினியில் செத்தேன், நானே மூட்டிய அடுப்பில் குடிசையோடு எரிந்தும் செத்தேன். மாப்பிள்ளை சாகவே இல்லை. ரயிலைவிட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் என்னை ஒரு மருத்துவராகவே நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த விளையாட்டில் சாராயம் காய்ச்சலாம் என்பது எனக்குத் தெரியாது.

காட்டுப் பழத்தையும் தேனையும் பீப்பாயில் போட்டு மூடினால் ஊறல். செம்புக் குழாய் வைத்த அடுப்பில் ஏற்றினால் சாராயம். காயத்தைக் கழுவலாம், துணி திணித்துக் கொளுத்தி எதிரி மேல் வீசலாம், குடித்தால் குளிர் தாக்காது. திரை மட்டும் கொஞ்ச நேரம் ஆடும். மாப்பிள்ளை இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மரம் வெட்டுவது என் வேலையாயிற்று. என் ஆளுக்கு எப்போதும் காயம் இருந்ததால், மருந்துக்குத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. விளையாட்டில்கூட. காய்ச்சுவார், எனக்குக் கொடுப்பார்.

"குடி பாவா. எப்டி இருக்குது?"

படித்ததை வைத்துச் சொன்னேன். "மர வாசனை. நாக்கில மெல்லிசா ஒரு இனிப்பு."

"போ பாவா. கல்யாணத்துல ஒரு பீரு குடிச்சிட்டு வாந்தி எடுத்த ஆளு நீ." சிரித்தார். "மொத வாய் கசக்கும். தொண்ட எரியும். அப்பறமா இங்க" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், "யாரோ கதவ சாத்திட்டுப் போன மாதிரி. வெளிய சத்தமே கேக்காது."

அந்த நிமிடமே மின்சாரத்தைப் பிடுங்கியிருக்க வேண்டும். நானோ, "பிரமாதமா சொல்றியே மாப்ள" என்று பாராட்டினேன்.

ஒரு மாலை என் தங்கை உள்ளே வந்தாள். திரையில் வரிசையாகப் பீப்பாய்கள்.

"இன்னாண்ணா இது? அங்க கடைய மூடிட்டு இங்க தொறந்துட்டியா?"

"விளையாட்டும்மா. பொம்மை."

"பொம்ம காச்சினா பேரு சாராயம் இல்லியா?"

பூசாரிக்குப் போன் போட்டேன். கணிப்பொறிச் சாராயம் கயிற்றுக்கு ஆகுமா என்று கேட்டேன். அவர், "இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்களே" என்றார். அம்மனிடம் பூப்போட்டுப் பார்த்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்தார். மறுநாள் பதில் வந்தது: வெள்ளைப் பூ. ஆகும். தங்கை அரை மனதாகச் சமாதானமானாள். நான் முழு மனதாக.

அதற்குப் பிறகுதான் விளையாட்டில் பனிமலைக்குப் போனோம். இரும்பு அங்கேதான் கிடைக்குமாம். பாதி மலையில் புயல் பிடித்துக்கொண்டது. விறகு இல்லை. நான் ஒரு புட்டியைக் குடித்துவிட்டு ஆடிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் ஆள் நடுங்க ஆரம்பித்தான். அவன் பையில் நிறையச் சாராயம் இருந்தது.

"குடி மாப்ள. செத்துடுவான்."

"வேணாம் பாவா."

"அம்மனே சரின்னுட்டா."

"அம்மனுக்கு இன்னா தெரியும்? என் வாய் எனக்குத் தெரியும்."

குளிர் ஏற ஏறத் திரையின் ஓரம் நீலமாகிக்கொண்டே வந்தது. அவர் விரல் குடிப்பதற்கான விசை மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. அவன் முழங்காலிட்டான், சாய்ந்தான், பனி மூடியது. நான் சிரித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். திரும்பிப் பார்த்தபோது அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மாலை ரயில் போன சத்தம் கேட்டது. அவர் வரவில்லை. தங்கை கொடியிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்ட துணியை மறுபடி எடுக்கப் போனாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மதுக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், டீக்கடையில் நின்றிருந்தார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"வந்துட்டியா பாவா."

"இங்க இன்னா பண்ற?"

"நேத்து அவன் சாவும்போது எனக்கு நாக்குல ஊறிச்சி. இன்னும் நிக்கல. தாண்டிப் போயிடலாம்னுதான் வந்தேன். காலு வரமாட்டேங்குது பாவா."

படித்ததையெல்லாம் மனதுக்குள் அவசரமாகப் புரட்டிப் பார்த்தேன். கால் வராதவனை ஒரு கடையைத் தாண்டிக் கூட்டிப்போக அதில் ஒரு வரிகூட இல்லை. கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடந்தோம்.

கடை வாசலில் எங்கள் தெருக்காரர் ஒருவர் எதிர்ப்பட்டார். இரண்டு பேரையும் பார்த்தார். கயிறு கட்டியவர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே மிச்சக் கணக்கை அவரே போட்டுக்கொண்டார்.

"இன்னாபா, பாவாவுக்கு இன்னிக்கி ஜாஸ்தியா?"

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. "ஆங். கூட்டிகினு போறேன்."

"பாத்து. சைடுல கால்வா கீது, வுழுந்துடப் போறாரு."

நான் மறுக்கவில்லை. வாயைத் திறந்தால் அவர் நின்றுவிடுவார் என்று பயமாக இருந்தது. கடை பின்னால் போயிற்று. அவர் பிடியை விடவில்லை. மணிக்கட்டு வலித்தது. காலையில் இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று தெரு முழுக்கப் பேசும், மனைவி முதல் ஆளாகக் கேட்பாள். அதற்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும். நாளை மாலையும் அந்த ரயில் வரும் என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எந்த நேரத்துக்கு நான் நிலையத்தில் போய் நிற்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.