சாயம் போகாத குருவி

எங்கள் வீட்டுக்கு நீல நிறத்தில் எந்தக் குஞ்சு வந்தாலும் முதல் வேலை அதைக் கழுவுவதுதான். ஸ்ரீபெரும்புதூர்த் திருவிழாவில் சாயத்தில் முக்கியெடுத்த கோழிக்குஞ்சுகளை விற்பார்கள். மூன்றாம் வகுப்பில் நான் அடம்பிடித்து வாங்கிய நீலக் குஞ்சு ஒரே மழையில் வெள்ளையாகி, வளர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பாகவும் ஆனது. சாயத்தைக் கொத்தித் தின்றால் குஞ்சு செத்துவிடும் என்பது அம்மாவின் கட்சி.

ஆகவே நான்காம் வகுப்பில், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நனைந்து ஒடுங்கிக் கிடந்த அந்தக் குருவியை நான் எடுத்து வந்ததுமே அம்மா சோப்புத் தண்ணீர் கலக்கிவிட்டாள். முதுகு நல்ல நீலம், வயிறு செங்கல் நிறம், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. கடவுள் ஒரு குருவிக்காக இவ்வளவு மெனக்கெட்டிருப்பார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா கார் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் இருந்தார். நிறம் என்று வந்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். ஈரத் துணியால் முதுகைத் தேய்த்து விரலைப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை.

"செம பெயிண்ட்டுடி இது. சோப்புக்கெல்லாம் போவாது. தின்னர் எடுத்துனு வா," என்றார்.

பெயிண்டைக் கரைக்கிற அந்தத் தின்னர் பாட்டிலோடு நான் வரும்போது, இரவு ஷிப்ட் முடிந்து அம்பாசமுத்திரத்து அண்ணன் உள்ளே வந்தார். சித்தப்பாவின் கம்பெனியிலேயே வேலை பார்த்து, எங்கள் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த ஐந்து பேரில் ஒருவர்.

"ஐயோ, அத தொட்டுராதீங்க! இது எங்கூரு மலைக்காட்டுல கெடக்குமுல்லா. செடிக்கு அடியில தத்திக்கிட்டே திரியும். பாவம், வழி தெரியாம வந்துட்டு," என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

குருவி நொய்யரிசியைத் தொடவில்லை. டியூப்லைட்டுக்கு அடியில் விழுந்த ஈசலை அவர் பொறுக்கி வைத்தார், மூன்றைத் தின்றது. மறுநாள் அதுவும் வேண்டாம் என்றுவிட்டது. நான் அழுத அழுகையில் பகல் தூக்கம் தூங்க வேண்டிய ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள்.

"அது காட்டுலதான் பொழைக்கும் பாப்பா," என்றார் அம்பாசமுத்திரத்து அண்ணன்.

"அப்ப நீயே எடுத்துனு போய் வுடுண்ணா. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

அம்மா அதட்டினாள். போன வாரம் தீபாவளிக்கே லீவு கிடைக்காமல் எங்கள் வீட்டு இட்லியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனவர் அவர். குருவியின் முதுகை ஒரு விரலால் தடவிக் கொடுத்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். சூப்பர்வைசரிடம் கேட்டால் லீவு கிடைக்காது என்று கேட்காமலே, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு அன்று சாயங்காலமே பஸ் ஏறினார்.

அது இமயமலைப் பக்கம் கூடு கட்டி, குளிருக்குத் தெற்கே மலைக்காட்டுப் புதர்களுக்கு வருகிற குருவி என்றும், வழியில் எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கிக் களைப்பாறுவதும் உண்டு என்றும் பின்னாளில் படித்தேன். அவ்வளவு தூரம் தானே பறந்து வந்த பறவைக்கு மிச்ச வழிக்கு நாங்கள் பஸ் பிடித்திருக்கிறோம்!

நான்காம் நாள் திரும்பி வந்தார். இரவு ஷிப்டுக்குப் போனவர் அரை மணி நேரத்தில் மறுபடியும் வந்து நின்றார். காண்ட்ராக்ட் ஆள்தானே, லைனில் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பெரியவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். அம்மா ஏன் என்னிடம் அன்றைக்கெல்லாம் பேசவில்லை என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் பாயைச் சுருட்டிக் கட்டியபடியே அவர் எனக்குக் குருவிக் கதை சொன்னார். பெட்டியைத் திறந்ததும் வாலை ஆட்டியதாம், இரண்டு தத்துத் தத்தியதாம், புதருக்குள் போய்விட்டதாம். மூன்று தடவை சொல்லச் சொன்னேன். மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று இருந்ததெல்லாம் சந்தோஷம்தான்.

"அடுத்த லீவுக்குப் போம்போது என்னையும் இட்டுனு போண்ணா," என்றேன்.

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கண்டிப்பா பாப்பா," என்றார்.