மரச்சுவருக்குத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் யாராவது ஒருவர் அத்தையைப் பார்த்து, "என்னத்தா, செவருக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். புதிதாகக் குடும்பத்துக்குள் வந்த மருமகன்களுக்கு உடனே கதை சொல்லப்படும். மரத்தில் செய்த சுவரை சிமெண்டுச் சுவர் என்று நினைத்துக்கொண்டு, குழாயைப் பிடித்து நனைநனையென்று நனைத்த புத்திசாலி என் அத்தை. சிமெண்டுக் கடைக்காரர் தங்கச்சிக்கு வேறென்ன தெரியும் என்று சிரிப்பார்கள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்துக் கை கழுவ எழுந்து போய்விடுவார்.

நானும் பல வருஷம் சிரித்தேன். சம்பவம் நடந்தபோது பக்கத்தில் இருந்தவள் என்பதால் என் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

அப்போது எனக்கு எட்டு வயது. மதுரை விளாங்குடியில் மாடியில்லாத ஒரு சின்ன வீடு எங்களுடையது. திண்டுக்கல் ரோட்டில் அப்பாவுக்கு சிமெண்டும் கம்பியும் பெயிண்டும் விற்கிற கடை. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. ஆடி மாதம் ஒரு துணிப்பையோடு தேனியிலிருந்து வந்தாள். தை பிறந்ததும் தானே வந்து கூட்டிப் போவதாக அவள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். ஆடிக்கு வந்தவள் ஆவணியிலும் இருந்தாள், புரட்டாசியிலும் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் 'எப்ப ஊருக்கு?' என்று கேட்பது அதற்குள் நின்றுவிட்டது. எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஹாலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை சொல்ல ஒரு ஆள் கிடைத்ததில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஹாலுக்கு யாராவது வந்தால் அத்தை எழுந்து சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். அதைப் பார்த்துப் பார்த்து, மொட்டைமாடியில் அவளுக்கென்று ஒரு ரூம் போடுவதென்று அப்பா முடிவு செய்தார். அந்த ரூமின் சுவரை எதில் கட்டுவது என்பதில்தான் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

செங்கல் கட்சிக்கு அப்பா தலைவர். மரக் கட்சிக்கு என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. மாமா நியூசிலாந்தில் வீடு கட்டுகிற கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, கப்பலூரில் மரப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். வெளிநாட்டில் தான் கட்டிய வீடுகளின் வீடியோக்கள் அவர் போனில் நிறைய இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் அவற்றை எல்லோருக்கும் காட்டுவார். நாங்களும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பார்ப்போம்.

"மச்சான், இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுறப்ப மேல மாடி கட்டுறதா யோசிக்கவே இல்லை நீங்க. செங்கல் எம்புட்டுக் கனம்! மரச்சட்டம்னா பூ மாதிரி ஒக்காந்துக்கிரும். ஒரே வாரம், வேலை முடிஞ்சிரும்" என்பார் மாமா.

"கீழ இருக்க செவரு மேலயே செவரு எழுப்புனா ஏன் தாங்காது? ஒம்போது இஞ்ச் செவரு மாப்ள. காலத்துக்கும் நிக்கும்" என்பார் அப்பா.

மாமாவின் சுவர் எப்படிப்பட்டது என்பதை அவர் தீப்பெட்டிகளை அடுக்கி எனக்கு விளக்கினார். செங்கல் சுவரில் கல்லே கனத்தைத் தாங்குகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கலவை இறுகக் காத்திருந்து, பூசி, சிமெண்டு வலுவாக நாள்தவறாமல் நனைத்துத் தண்ணீர் காட்டி வளர்க்க வேண்டும். மரச்சுவரில் தாங்குவது உள்ளே நிற்கிற சட்டங்கள்தான். வெளிப்பக்கம் ஒரு பலகை, உள்பக்கம் ஒரு பலகை, நடுவில் வெயில் வராமலிருக்கப் பஞ்சு மாதிரி ஒன்றைத் திணிப்பார்கள். மதுரை வெயிலைப் பகலெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி நம்மேல் கக்குகிற வேலை செங்கலுக்குத்தான் உண்டு, மரத்துக்குக் கிடையாது என்றார். நான் அப்போதே மரக் கட்சிக்குப் போய்விட்டேன்.

அப்பா விடவில்லை. கரையான் என்றார். மழை என்றார். திருடன் ஓங்கி உதைத்தால் என்ன செய்வாய் என்றார். நல்ல செங்கல்லா என்று பார்க்க இரண்டு கல்லை மோதிக் கணீரென்று கேட்க வைப்பாரே, அதேபோல மாமா கொண்டுவந்த மாதிரிப் பலகையை விரல் முட்டியால் தட்டினார். டொக்கென்றது. "பப்பாளிப் பழத்தைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றார். அம்மா புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் இலையிலும் கூடுதலாகச் சோறு வைத்துச் சமாளித்தாள். சிமெண்டு விற்கிறவர் வேறு எப்படிப் பேசுவார் என்று எல்லோரும் நினைத்தோம்.

அதுவரை யாரும் அத்தையைக் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள், தானாகவே மாமாவிடம் கேட்டாள்.

"இந்த மரச்செவரு வேணாம்னா, பெறகு கழட்டிரலாமா?"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "அதான அதுல விசேஷம்! திருகாணியைக் கழட்டுனா ஒரே நாள்ல எடுத்துறலாம். கொண்டுபோயி வேற எடத்துல மாட்டிக்கலாம். செங்கல்னா இடிக்கத்தான் முடியும்."

"அப்ப மரமே இருக்கட்டும்ணே" என்றாள் அத்தை, அப்பாவைப் பார்க்காமல்.

பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. "ஒனக்குத்தான் ரூமு தாயி. நீ சொல்றதுதான்" என்றார். மோர் வேண்டாமென்று எழுந்து கடைக்குப் போய்விட்டார். தன் சிமெண்டு விலை போகாத வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. மொட்டைமாடியில் சுவரைப் படுக்கப்போட்டே செய்தார்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடம் அதிலேயே விட்டிருந்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க, தூங்கி எழுகிற ஆள் மாதிரி சுவர் எழுந்து நின்றது. வாசல் நிலை வைக்கிற பூசையை எப்போது செய்வதென்று அம்மாவுக்கு ஒரே குழப்பம். செங்கல் வீட்டில் முதலில் நிலையை நிறுத்திப் பூசை போட்டுவிட்டுத்தான் பக்கத்தில் சுவர் எழும்பும். இங்கே எல்லாம் ஒன்றாக எழுந்துவிட்டது. கடைசியில் கதவுச் சட்டத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, சாமி மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள்.

சாவியைக் கொடுக்கும்போது மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உள்பக்கப் பலகைக்குத் தண்ணி மட்டும் ஆகாது. பட்டா ஊறி உப்பிரும். மாடியைக் கழுவுனாக்கூட இந்தப் பக்கம் வரவிடாதீங்க."

அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஐப்பசி மழையில் வானம் இருட்டியதுமே மாடிக்கு ஓடுவாள். கதவடியில் சாக்கைத் திணிப்பாள். ஜன்னல் வழியே தெறித்த நாலு துளியை முந்தானையால் ஒற்றி எடுப்பாள். ஈரக்கூந்தலோடு நான் சுவரில் சாய்ந்தால், "ஏ மருமகளே, தள்ளி ஒக்காரு" என்று இழுத்துவிடுவாள். அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்ட ரூமில் அவள் ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை. துணியெல்லாம் கொண்டுவந்த அதே பையில்தான் இருந்தது. கொக்கி அடித்துத் தரவா என்று மாமா கேட்டதற்கு, "எதுக்கு? தை வரைக்கும்தான?" என்றாள்.

தை பிறந்தது. பொங்கலன்றைக்கு அத்தை போட்ட கோலம் தெருவின் பாதியை அடைத்தது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யாரும் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை குட்டியானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து அத்தை வீட்டுக்காரரின் அண்ணன் மட்டும் இறங்கினார்.

வண்டியில் ஒரு கட்டில், ஒரு பீரோ, கிரைண்டர், பித்தளைக் குடங்கள், அண்டா. எல்லாம் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தவை. இறக்கி வைத்ததும், "ஒருக்கா சரிபாத்துக்கங்க" என்றார் அந்த அண்ணன். அம்மா கொண்டுவந்த காபியைத் தொடாமலே போய்விட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா அண்டாவைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

நான் கட்டிலின்மேல் ஏறிக் குதித்தேன். "அத்தை! ஒன் கட்டில் வந்துருச்சு! இனிமே கீழ படுக்க வேணாம்!"

"ஆமா மருமகளே. எல்லாம் வந்துருச்சு" என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் நான் மாடிக்குப் போனபோது, ரூமுக்குள் இருந்த பாயும் தலையணையும் துணிப்பையும் மாடியின் அந்தக் கோடியில், வெயில் படும் இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரூமுக்குள் நின்றாள். கையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய். மேலிருந்து கீழாக, ஒரு மூலையும் விடாமல், கொத்தனார் வேலை முடித்துப் போன சுவரை நனைப்பதுபோலவே நிதானமாக நனைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் என்றால் எட்டு வயதுக்குக் காரணம் வேண்டுமா? நானும் ஓடிப்போய் மக்கை எடுத்து வந்தேன். அத்தை தடுக்கவில்லை. "அந்த மூலையில ஊத்து, அங்க படலை" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாமா வந்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் தலைகள் முளைத்தன. "என்ன காரியம் பண்ணிட்டீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எட்டிப்பார்த்த தலைகளுக்கும் சேர்த்து அம்மா சத்தமாக, "பாவம்டா, புதுச் செவருன்னா தண்ணி காட்டணும்னு நெனச்சிருக்கா. கடைக்கார வீட்டுப் பொண்ணு" என்றாள். இன்றைக்கும் எங்கள் பந்திகளில் சுற்றிவருகிற கதை அம்மா அந்த நிமிஷத்தில் கட்டியதுதான்.

அப்பா மேலே வந்தார். ஊறி உப்பியிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு நனையாமல் வெயிலில் அடுக்கியிருந்த பாயையும் துணிப்பையையும் வெகுநேரம் பார்த்தார். போய்த் தண்ணீரை நிறுத்தினார்.

"மச்சான், இம்புட்டு வேலையும்..." என்று ஆரம்பித்த மாமாவை, "விடு மாப்ள" என்று தடுத்தார். அத்தையின் கையிலிருந்து குழாயை வாங்கிக் கீழே போட்டார்.

"செங்கல் இறக்கச் சொல்லட்டா, தாயி?"

அத்தை தலையாட்டினாள்.

"ஒம்போது இஞ்சா?"

"ம்" என்றாள். அதன்பிறகுதான் அழுதாள்.

மாமா பெருமையாகச் சொன்னது உண்மைதான். அவர் சுவர் ஒரே நாளில் கழன்று வந்துவிட்டது. சட்டங்களை வண்டியில் ஏற்றிக் கப்பலூருக்குக் கொண்டுபோனார். கீழ்ச் சுவர்களின் மேலேயே கொத்தனார் செங்கல் சுவரை எழுப்பினார். இந்த முறை நிலைக்கு முறையாகப் பூசை நடந்தது. மஞ்சள் பூச அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அப்பா கிண்ணத்தை வாங்கி அத்தையிடம் கொடுத்தார். வேண்டாமென்று பின்வாங்கியவளை, "ஒன் வீட்டு நிலைக்கு ஊராளா பூசுவா?" என்று அதட்டினார்.

மழைத்துளியை முந்தானையால் ஒற்றியவளுக்கு அந்தச் சுவருக்குத் தண்ணீர் ஆகாதென்று தெரியாதா? பாயைத் தூக்கி வெயிலில் வைத்துவிட்டு வந்து நனைத்தவளுக்கா தெரியாது? இதைக் கேட்டுக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு அவள் மரத்தைக் கேட்டது, தான் திரும்பிப் போகிறவள் என்று நம்பியதால். அப்பா செங்கல் செங்கல் என்று மல்லுக்கு நின்றது, அவளை யாரும் இனி எங்கேயும் அனுப்ப முடியாது என்பதைச் சொல்ல. அண்ணனும் தங்கையும் இதை ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. சுவரைப் பற்றியே பேசி முடித்துவிட்டார்கள்.

புதுச் சுவருக்கு அத்தைதான் காலையும் மாலையும் தண்ணீர் காட்டினாள். போதும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போன பிறகும் விடவில்லை. ஒரு சாயங்காலம் நான் மேலே போனபோது குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை. மறுபடி தட்டினாள்.

"அத்தை, இந்தச் செவரக் கழட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது மருமகளே."

அவள் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆசைப்பட்டுக் கேட்ட சுவர் போய், கழட்டவே முடியாத சுவர் வந்துவிட்டதே. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"கவலப்படாத அத்தை. அடுத்த தைக்கு மாமாகிட்டச் சொல்லி வேற மரச்செவரு போட்டுக்கலாம்."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து குழாயை எடுத்து, தண்ணீரை என் தலையில் திருப்பிவிட்டாள்.