சித்திகா வைக்காத நோன்பு

கிழக்குத் தாம்பரத்தில், மாடம்பாக்கம் போகிற சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் சித்திகாவைத் தெரியாதவர் கிடையாது. கார் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்கிறவள். வீட்டு முன்னறைதான் பட்டறை. கணவர் பாட்சா ரெக்சினையும் ஃபோமையும் வெட்டித் தருவார், அவள் பெரிய மெஷினில் உட்கார்ந்து ஓட்டுவாள். ஆனால் சந்து அவளைத் தெரிந்துகொண்டது தையலால் அல்ல, குரலால். அடுப்படியில் நின்று மகளிடம் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னாளானால், மகள் செருப்பு மாட்டுவதற்குள் முனைக்கடைக்காரர் ஒரு கட்டு எடுத்து வைத்திருப்பார்.

அவளுக்குக் காது கேட்காது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்ட காது. வாங்கிக் கொடுத்த காது மெஷின் பீரோவுக்குள் கிடந்தது. அதைப் போட்டால் தையல் மெஷின் மண்டைக்குள் ஓடுகிறதாம். பாட்சா அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்திரிக்கோலால் மேசையைத் தட்டுவார். பலகை அதிர்வது கைக்குத் தெரியும், திரும்பிப் பார்ப்பாள். எதிரே நின்று உரக்கப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவர்களுடைய சண்டைகள் எல்லாவற்றிலும் அவர் தரப்பு வாதம் அந்தத் தட்டல் மட்டும்தான்.

காது போனதற்குச் சித்திகா வைத்திருந்த காரணம் விமானம். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் சுற்றும். “நாளெல்லாம் தலைக்கு மேல டர்ருன்னு போனா காது இன்னாத்துக்கு ஆவும்?” என்பாள். அவள் தங்கை ஷபீனாவுக்கும் கேட்காது. அவள் இருப்பது முடிச்சூரில். பெருவெள்ளத்தின்போது காதில் தண்ணீர் புகுந்துவிட்டது என்பது ஷபீனாவின் கணக்கு. அண்ணன் யாசீனுக்குப் பல்லாவரத்து அச்சக இயந்திரம். காலமாகிவிட்ட அவர்களுடைய அம்மாவுக்கு ரயில். குடும்பத்தில் ஆளுக்கொரு சத்தத்தைச் சொந்தமாக வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் சுகரும் உண்டு. சுகர் யாருக்குத்தான் இல்லை என்று அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் ஒல்லிக்குச்சிகள். யாசீனின் பிள்ளைகளுக்கு மட்டும் பாம்புக் காது. அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது: அவர்கள் அச்சகத்துப் பக்கமே போவதில்லை.

சித்திகாவின் ஒரே மகள் மெஹ்னாஸ் இந்த விளக்கங்களைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் படித்து, வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள். பட்டமளிப்பு அன்று அம்மா கூட்டத்துக்கு நடுவிலிருந்து “மெஹ்னாசு, குல்லாவ நேரா வை!” என்று கத்தியதில் மேடையிலிருந்தவர்களே சிரித்தார்கள்.

ரமலான் மாதத்தில் சித்திகாவின் அந்தஸ்து இன்னும் கூடும். விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பாட்டுக்குச் சந்து முழுவதையும் எழுப்புவது அவள்தான். தலையணைக்கு அடியில் போன் அதிரும், எழுந்து சாவிக்கொத்தோடு கிளம்பி ஒவ்வொரு கேட்டாகத் தட்டிக்கொண்டு போவாள். எத்தனை உரக்கத் தட்டுகிறோம் என்று தெரியாததால் நோன்பு வைக்காத வீடுகளும் விழித்துக்கொள்ளும்.

“அக்கா, எங்க வூட்ல நோன்பு இல்லக்கா!” என்று பக்கத்து வீட்டு ரமா ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அதான் எழுந்துட்டியே, கோலத்தப் போட்டுட்டுப் படு!” என்று சொல்லிவிட்டு அடுத்த கேட்டுக்குப் போய்விட்டாள் சித்திகா.

போன வருட ரமலானில், பாதி மாதம் போயிருந்தபோது, ஒரு மதியம் அவள் மெஷின் மேலேயே சரிந்தாள். சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து வாயில் சர்க்கரையைப் போட்டார் பாட்சா. வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, லாக்டிக் அமிலம்தான் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

அங்கே இருந்த டாக்டர் எபி சின்ன வயதுக்காரர். தேறி உட்கார்ந்த சித்திகாவிடம் அவர் கத்திக் கத்திக் கேட்க, வார்டே வேடிக்கை பார்த்தது.

“உங்க வீட்ல வேற யாருக்கும்மா காது கேக்காது?”

“எல்லாருக்கும்! பிளேன் சார்!”

“எல்லாருமே பிளேனுக்குக் கீழயா இருக்காங்க?”

அவள் வெள்ளம், அச்சகம், ரயில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. யாசீனின் பிள்ளைகளைப் பற்றி மட்டும் இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்தபோது மெஹ்னாஸை உட்கார வைத்து விளக்கினார். மைட்டோகாண்ட்ரியா பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருந்துகொண்டு சாப்பாட்டைச் சக்தியாக மாற்றித் தருவது. தனக்கென்று சிறிதளவு மரபுப்பொருள் வைத்திருப்பது. அந்த மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும், தகப்பனிடமிருந்து வராது. சித்திகாவுக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சக்தி அதிகம் கேட்கும் இடங்கள்தான் முதலில் தளர்ந்துபோகும். உட்காதும், இன்சுலின் சுரக்கும் கணையமும் அப்படித்தான் தளர்ந்திருந்தன. “வயித்தக் காயப்போட்டா நம்ம உடம்பு கொழுப்ப எரிச்சு சமாளிச்சுக்கும். இவங்க செல்லுக்கு அந்த வேலையும் கஷ்டம்,” என்றார் டாக்டர். “சுகர் மாத்திரைய நிறுத்திட்டு ஊசி போடலாம். நோன்பு மட்டும் இனிமே வேண்டவே வேண்டாம். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால உறுதி சொல்ல முடியாது.”

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் மெஹ்னாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தன்னையே திட்டிக்கொண்டாள். தாய்வழி மரபு என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வம்சப் படம் வரைந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு அழகாக நிழலும் தீட்டியிருந்தாள். அதில் ஒரு வட்டத்துக்கு ஷபீனா சின்னம்மா என்றும் ஒரு சதுரத்துக்கு யாசீன் மாமா என்றும் பெயர் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. வீடு வேறு, பாடம் வேறு என்றுதான் படித்திருக்கிறாள். அப்படிப் படித்ததைப் படிப்பு என்று சொல்ல முடியுமா?

பிறகு தானும் போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். அவளிடமும் இருந்தது. செல்லுக்குள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் பழுதாகாததும் கலந்திருக்கும், எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி, அவளுக்கு அம்மாவைவிடக் குறைவு. “பயப்படாதீங்க. காதையும் சுகரையும் வருஷா வருஷம் பாருங்க. ரொம்ப நேரம் பட்டினி கிடக்காதீங்க,” என்றார் டாக்டர். அவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் இருக்கிறது என்றால் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்பாள். அந்தப் பதிலை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லவும் முடியாது, உரக்கத்தான் சொல்ல வேண்டும். அதை நினைத்து நினைத்தே மாதங்களைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த ரமலான் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் பிறை பார்க்க வேண்டும். சித்திகா நிம்மதியாக ஒரு இன்னோவாவுக்குப் பின்சீட் உறை தைத்துக்கொண்டிருந்தாள். சஹருக்கு வேண்டியதெல்லாம் வாங்கி அடுக்கியாகிவிட்டது.

மெஹ்னாஸ் மெஷினுக்கு எதிரே போய் நின்று, உதடு தெரிகிற மாதிரி கத்தினாள். “அம்மா, நீ நோன்பு வைக்கக் கூடாது!”

“போன வருசத்துக் கதய இன்னும் சொல்லிகினு கீறியா? அன்னிக்கி வெயிலு, அவ்ளோதான்.”

பாட்சா மேசையைத் தட்டினார். அவள் திரும்பியதும், “பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. நோயாளிக்குக் கடமையில்ல. பதிலுக்கு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதும்,” என்றார்.

“சாப்பாடு குடுக்கலாம், யாரு வேணான்னது? ஆனா அது நோயாளிக்கு. நானா நோயாளி? எனக்குக் காதுதான் கேக்காது.”

“காது கேக்காததும் அந்த நோயாலதாம்மா!”

“அது பிளேன்!”

மெஹ்னாஸ் ஃபோம் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மகளின் முகம் போன போக்கைப் பார்த்த சித்திகா மெஷினை நிறுத்தினாள். அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

“இங்க பாரு. பள்ளிவாசல்ல பயான் பண்றாங்க, பொம்பளைங்கல்லாம் அழுவுறாங்க. எனக்கு ஒண்ணும் கேக்காது, நானும் மூஞ்சியத் தொங்கப்போட்டுகினு உக்காந்திருப்பேன். கல்யாண வூட்டுக்குப் போனா எல்லாரும் சிரிச்சப்புறம் சிரிப்பேன். நோன்புக்குக் காது வேணாம்டி. ஊரே பசியா கீது, நானும் பசியா கீறேன். அந்த ஒரு மாசந்தான் நானும் எல்லாரும் ஒண்ணு. நோன்பு வைக்காதவ எந்த மூஞ்சிய வச்சிகினு போயி மத்தவங்க கேட்டத் தட்டுறது?”

டாக்டர் மெஹ்னாஸிடம் சொன்னதில் இது வரவேயில்லை. கொழுப்பு எரிவதையும் அமிலம் சேர்வதையும் விளக்கிக்கொண்டே இருக்கலாம், ஆனால் அம்மா கேட்டது அதுவல்லவே. நோன்பு மாதத்தில் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் போன வருடம் அந்த முகத்தின் மேல் ஆக்சிஜன் மாஸ்க் இருந்ததையும் பார்த்திருக்கிறாள்.

“சரி. நீ வச்சா நானும் வைப்பேன்!” என்று கத்தினாள்.

“வையேன். எப்பவும் வைக்கிறதுதானே?”

“எனக்கும் அது இருக்கும்மா! டாக்டர் என்னையும் பட்டினி கிடக்க வேணாம்னுட்டார்!”

சித்திகாவின் கை சக்கரத்தின் மேலேயே நின்றது. “எது?”

“உனக்கு இருக்கிற அதேதான்! டெஸ்ட் எடுத்துட்டேன்!”

“உனக்கு எப்படிடி? நீதான் நாளெல்லாம் ஏசி ரூம்ல வேல பாக்குறியே? யார்ட்டருந்து வந்துச்சி?”

மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட கேள்வி அது. மெஹ்னாஸ் அம்மாவின் காதோரம் குனிந்து முதலில் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா “இன்னா?” என்றாள். இரண்டாம் முறை பாதியில் நிறுத்திவிட்டாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

“உன்கிட்டருந்துதாம்மா! அம்மாகிட்டருந்துதான் வரும்! உனக்கு உங்கம்மாகிட்டருந்து வந்துச்சு, எனக்கு உன்கிட்டருந்து!”

வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த ரமா கிளிப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்சாவின் கத்திரிக்கோல் ரெக்சினின் நடுவில் நின்றுபோனது. இது அவருக்கும் புதுச் செய்தி.

சித்திகா ஊசிக்கடியில் இருந்த உறையை நேராக்கினாள். பிறகு, “அப்ப பிளேன் இல்லியா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

“ஷபீனாவுக்கும் வெள்ளத் தண்ணி இல்லியா?”

மெஹ்னாஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“எங்கம்மாவ குத்தம் சொல்லாத. அது தெரிஞ்சா குடுத்துச்சி?”

“யாரையும் சொல்லலம்மா. உன்னையும் சொல்லல.”

“என்ன எதுக்குச் சொல்லப்போற? நான் மட்டும் தெரிஞ்சா குடுத்தேன்?” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது. துடைத்துவிட்டு, “உனக்கும் காது பூடுமா?” என்று கேட்டாள்.

“தெரியாது. போகலாம், போகாமலும் இருக்கலாம்.”

“உன் புள்ளைங்களுக்கு?”

“வரலாம். டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு முடிவு பண்ணணும்.”

“நல்லாக் கேட்டுக்க. ஆனா பயந்துகினு பெத்துக்காம இருந்துடாத. காது கேக்காம நான் இன்னா கெட்டுப்பூட்டேன்?” அவள் மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பி, காதையே உற்றுப் பார்த்தாள், உள்ளே ஏதோ தெரியப்போகிற மாதிரி. “நீ நோன்பு வைக்காத.”

“நீ வச்சா வைப்பேன்!”

“மிரட்டுறியா?”

“ஆமா!”

“பாருங்க உங்க பொண்ண!” என்று சித்திகா கணவரைப் பார்த்தாள். பாட்சா மேசையைத் தட்டினார். இந்த முறை யார் பக்கம் தட்டினார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். பிறை தெரிந்துவிட்டதென்று போனில் வந்த செய்தியை மெஹ்னாஸ் காட்டியபோதும் அவள் மெஷினை நிறுத்தவில்லை.

மறுநாள் சித்திகா கேட்டுகளைத் தட்டப் போகவில்லை, சந்து தானாகவே எழுந்து சஹர் சாப்பிட்டது. சித்திகா எழுந்து பாட்சாவுக்குச் சாதம் போட்டாள், தான் ஒரு வாய்கூட உண்ணவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. காலை ஊசியையும் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லி லேப்டாப்பை அடுப்படி வாசலில் வைத்துக்கொண்ட மெஹ்னாஸ், தானும் பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அடிக்கடி பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒருமுறை, “டீ குடிச்சியா?” என்று சைகையில் கேட்டாள். மகள் இல்லை என்றாள். வரவர அம்மாவின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது.

பத்து மணிக்கு மேல் சித்திகா எழுந்தாள். அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினாள், ஜன்னலையும் சாத்தினாள். குக்கரில் அரிசி வைத்து, பக்கத்து அடுப்பில் பருப்பு வேகப்போட்டாள். தாளிக்கவில்லை. கடுகும் பூண்டும் எண்ணெயில் விழுந்தால் நோன்பு வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் வாசனை போகும், வெளியே பாட்சா வேறு வெறும் வயிற்றோடு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தார். வெந்த பருப்பில் உப்பை மட்டும் போட்டுக் கடைந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாள். இரண்டு தட்டில் சாதத்தைப் போட்டு, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பிஸ்மி சொல்லிச் சோற்றைப் பிசைந்தாள். கை வாயருகில் வந்து நின்றுவிட்டது. கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. மெஹ்னாஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டோம் என்றும், அம்மா பிழைத்துக்கொண்டாள் என்றும் இரண்டும் சேர்ந்தே தோன்றியது. தன் தட்டில் ஒரு வாய் எடுத்து முதலில் உண்டாள்.

சித்திகா மகள் விழுங்குகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு அவளும் உண்டாள். முதல் வாய்தான் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் வேகமாகவே இறங்கின, பாவம், நல்ல பசி. தட்டு காலியானதும் மகளைப் பார்க்காமல் அதை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் போடு. உனக்கும் போட்டுக்க.”